நல்ல வீட்டு சாக்ஸஃபோன்

ஊதிப் பிழைப்பவர்களுக்கு மேடையில் நல்ல பெயர் கிடைக்கிறதோ இல்லையோ, உள்ளுதட்டில் பல் தடம் நிச்சயம் கிடைக்கும். நாதஸ்வரமோ புல்லாங்குழலோ, என்னோடு ஊதும் சகபாடிகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு வயது இருபத்தொன்பது. கிள்ளானில் வீடு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் ஞாயிறு மாலை சாக்ஸஃபோன் வகுப்பு, முகூர்த்த நாளென்றால் கல்யாண மண்டபம். கர்நாடக சங்கீதத்தை சாக்ஸஃபோனில் வாசிக்கும் பெண் என்பதால் பாதிப் பேர் கேட்க வருவார்கள், மீதிப் பேர் பார்க்க வருவார்கள்.

பந்தி வேளை

கிள்ளானில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் கூட்டம் மொத்தமும் பந்திக்குப் போய்விட்டது. நாற்காலிகள்தான் மிச்சம். சரி, நமக்காவது வாசித்துக்கொள்வோம் என்று நீலாம்பரியை எடுத்தேன். தூங்க வைக்கிற ராகம். அதில் நானே கட்டிய நாலு வரித் தாலாட்டு ஒன்று உண்டு. மூன்றாவது வரி நீளம். ஒரே மூச்சில் போக வேண்டும்.

கண்ணை மூடி வாசித்து முடித்துத் திறந்தால், எதிரே சாம்பார் வாளியோடு பரிமாறுகிற அண்ணன் ஒருவர் நின்றார். ரசித்துத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன்.

“தங்கச்சி, கொஞ்சம் மெதுவா ஊதும்மா. யாரு ரசம் கேக்கிறாங்க, யாரு மோர் கேக்கிறாங்கன்னு ஒண்ணுமே காதுல விழல லா.”

எழுதாத விதி

அன்றைக்கே மண்டப வாசலில் ஒருவர் என்னை நிறுத்தி, அவருடைய அப்பாவின் கருமாதிக்கு வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டார். நான் தலையாட்டுவதற்குள், எனக்குக் கல்யாணங்கள் பிடித்துத் தரும் மோகன் அண்ணன் என்னைக் கார் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். மங்கல வாத்தியம் சாவு வீட்டில் ஒலிக்கக் கூடாதாம். “அண்ணே, இது வெள்ளைக்காரன் பேண்டு செட்டில் பிறந்த வாத்தியம். அங்கே சவ ஊர்வலத்துக்கும் முன்னால போயிருக்கும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்க பொறந்தா என்ன பாப்பா, இப்ப தாலி கட்டுற எடத்துல இருக்கு. கெட்ட வீட்ல ஒரு தடவ ஊதினா, அப்புறம் நல்ல வீட்ல ஒருத்தனும் கூப்பிட மாட்டான்.”

ஒரே ஒரு பாட்டு

சில மாதம் கழித்துக் குமார் அண்ணன் வகுப்புக்கு வந்தார். கண்டெய்னர் லோரி ஓட்டுபவர், வயது நாற்பத்தைந்து, கம்போங் மேடானில் பிளாட். கையில் பழைய சாக்ஸஃபோன். என் மற்ற மாணவர்களின் அம்மாக்கள் பரீட்சையில் வருவதை மட்டும் சொல்லித் தரச் சொல்வார்கள். இவருக்கு ஒரே ஒரு பாட்டு போதும், அதுவும் என் தாலாட்டு. கிள்ளான் கல்யாணத்தில் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவர் மனைவி மலர் மட்டும் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். வயிற்றில் கட்டி. சாப்பாடு இறங்காத காலம் அப்போதே தொடங்கிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியிலும் கைவிரித்துவிட்டார்கள். வலியில் தூக்கமில்லை.

துறைமுகத்தில் வரிசை நகரும்வரை லோரிக்குள்ளேயே பழகுவார். வீட்டில், அக்கம்பக்கத்துக்குப் பயந்து சாக்ஸஃபோன் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு மனைவிக்கு வாசிப்பார். மூன்றாவது வரியில் மட்டும் மூச்சு உடையும். ஒருமுறை கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்: “அங்க மூச்சு வாங்கினா தாலாட்டு இல்லண்ணே, விக்கல்.” அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“மலரும் அதான் சொல்றா டீச்சர். நீங்க ஊதுனா தூக்கம் வருமாம், நான் ஊதுனா அந்த எடத்துல சிரிப்பு வருதாம்.”

வியாழக்கிழமை போன்

ஒரு வியாழக்கிழமை காலையில் அழைத்தார். மலர் விடியற்காலையில் போய்விட்டார். “நாளைக்கு எடுக்கிறோம் டீச்சர். எடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க வந்து ஒரு தடவ ஊதுங்க. எனக்கு உதடு நிக்க மாட்டேங்குது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு பெரிய கல்யாணம் இருந்தது. கெட்ட வீட்டில் ஊதினேன் என்று யாராவது ஒரு வீடியோ போட்டால் போதும். அந்த வருடத்து முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்து நின்றன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, மலரைப் பற்றிய நினைப்பே வரவில்லை. “ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இருக்குண்ணே” என்று மட்டும் சொன்னேன். அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்.

“பரவால்ல டீச்சர். நல்ல காரியத்துக்குப் போறவங்க நீங்க, நான் கேட்டிருக்கக் கூடாது.”

வெறுங்கை

மறுநாள் வெறுங்கையோடு போனேன். துக்கம் விசாரிக்கப் போகலாம், தடையில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தால் தீர்ந்தது. வாத்தியத்தைத்தான் குளிப்பாட்ட வழியில்லை. பிளாட்டுக்குக் கீழே கூடாரம் போட்டு மலரைக் கிடத்தியிருந்தார்கள். நான் பெண்களோடு உட்கார்ந்தேன்.

எடுக்கிற நேரத்தில் குமார் அண்ணன் தன் சாக்ஸஃபோனைக் கொண்டுவந்தார். இந்த முறை துண்டு இல்லை. உதடு நடுங்கியது, சுதி கீழே இறங்கியது, மூன்றாவது வரியில் மூச்சு உடைந்தது. விட்ட இடத்தைப் பிடித்து நாலாவது வரியையும் முடித்தார். அந்த மூன்றாவது வரியை நான் மனசுக்குள் ஒரே மூச்சில் வாசித்தேன். யாருக்கு என்ன பிரயோசனம்? பக்கத்தில் இருந்த அம்மாள், மலரின் அக்கா, அப்போதுதான் என்னைக் கவனித்தார்.

“நீங்கதானே அந்த டீச்சர்? எப்பவும் உங்க பேச்சுதான் அவளுக்கு. சாக்ஸ் கொண்டாரலையாம்மா?”

பாடம் தொடர்ச்சி

கருமாதி முடிந்த ஞாயிறு, குமார் அண்ணன் வகுப்புக்கு வந்தார். இனி வரமாட்டார் என்று நினைத்திருந்தேன், வந்தால் திட்டுவார் என்றும் நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. எப்போதும்போல பெட்டியைத் திறந்து, ஊதுவாயில் பொருத்தும் ரீடை நாக்கில் நனைத்துக்கொண்டு, “மூணாவது வரி பாக்கலாமா டீச்சர்?” என்றார். “அன்னிக்கு நான்தான் வாசிச்சிருக்கணும், மன்னிச்சிருங்கண்ணே” என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை.

“அன்னிக்கும் அதே எடத்துல மூச்சு வாங்கிட்டேன் டீச்சர். எப்பவும் சிரிப்பா, அன்னிக்கு சிரிக்கல.”

மலரை எடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்திருந்தது; ராசியான வாய் என்று இன்றுவரை நல்ல வீடுகளில் எல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.