ராக்காயி வாங்கிய பத்து மசாஜ்

டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ராக்காயிக்கு வலது தோள் இறுகிப்போய் ஒரு வருஷமாகியிருந்தது. கை நெஞ்சுவரை வரும். அதற்கு மேல் வராது. சோறு தின்னலாம், கொழுந்து கிள்ளலாம், மருமகளை நோக்கி விரலை நீட்டலாம். கொண்டை மட்டும் போட முடியாது.

இதைச் சின்னக் குறை என்று நினைப்பவர்கள் அவளுடைய மருமகள் சுலக்ஷனாவைப் பார்த்ததில்லை. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் மாமியாரின் தலையைச் சீவிக் கட்டுவது அவள்தான். முடியைக் கையில் சுற்றிப் பிடித்த பிறகுதான் பேச்சையே தொடங்குவாள்.

"நேத்து எங்க அக்கா வந்தப்ப ஏன் மாமி மூஞ்சிய அப்பிடி வச்சிருந்தீங்க?"

"நான் எங்கடி வச்சேன்... ஆ!"

"ஆடாதீங்க மாமி. சிக்கு இருக்கு."

பதில் சொன்னால் சிக்கு வரும். சொல்லாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். கட்டி முடியும்போது ராக்காயியின் புருவங்கள் இரண்டும் நெற்றியில் ஏறியிருக்கும். "என்னா ராக்காயி, எதப் பாத்து பயந்த?" என்று கங்காணி பெரட்டில் தினமும் கேட்பார்.

நுவரெலியாவில் புதிதாகத் திறந்த மசாஜ் நிலையத்தில் வேலை கிடைத்திருந்த நிலக்ஷி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராக்காயியின் வீடிருக்கும் லயவரிசைக்கு வந்தாள். அதே தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் பிள்ளை. கையில் பளபளப்பான நோட்டீஸ்கள். "பெரியம்மா, பத்து மசாஜுக்கு மொத்தமா முன்காசு கட்டினா மெம்பர் ஆகிருவீங்க. கார்ட் தருவோம். தோளு, இடுப்பு, எல்லாம் கழண்டு வந்துரும்" என்றாள்.

"கழண்டு வந்துருமா?" என்று பக்கத்து வீட்டுக் காம்பிராவிலிருந்து குரல் வந்தது. சுகிர்தம் வெளியே வந்தாள். கிழடுகளைப் பராமரிக்கும் பயிற்சி எடுத்து, சைப்ரஸ் நாட்டில் பல வருஷம் ஆட்களைக் குளிப்பாட்டித் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு ஊர் திரும்பியவள். இரக்கப்பட்டு நேரத்தை வீணாக்குகிற பழக்கம் அவளிடம் கிடையாது.

"வராம விட்டா காசு திரும்புமா?"

"திரும்பாது பெரியம்மா. நாலு மாசத்துக்குள்ள முடிக்கணும்."

"கடைய மூடிட்டா?"

"ஏன் பெரியம்மா தொறந்த ஒடனே அப்பிடிச் சொல்றீங்க?"

"வேற ஆளுக்குக் குடுக்கலாமா?"

"மெம்பர் மட்டுந்தான்."

சுகிர்தம் ராக்காயியின் பக்கம் திரும்பினாள். "மொதல்ல ஒண்ணுக்குக் காசு குடுத்துப் படுத்துப் பாரு. சரியா வந்தா ரெண்டாவதுக்குக் குடு. ஒண்ணு எப்பிடின்னு தெரியாம பத்து வாங்குறவ புத்தி கெட்டவ. அதுவரைக்கும் கைய ஒசத்தாத, ஓய்வு குடு."

நல்ல புத்திமதிதான். ராக்காயியும் தலையாட்டினாள். அந்த நேரம் பார்த்துச் சுலக்ஷனா சீப்போடு வாசலுக்கு வந்து, "மாமி, தல கட்ட வாங்க, கொஞ்சம் பேசணும்" என்றாள். ராக்காயி உள்ளே போய்த் தோட்டத்தில் கொடுத்த தீபாவளி முற்பணத்தை எடுத்து வந்து நிலக்ஷியின் கையில் அப்படியே வைத்துவிட்டாள்.

முதல் மசாஜ் சுகமாகத்தான் இருந்தது. சுவரில் மாட்டிய ஸ்பீக்கரிலிருந்து தவளைச் சத்தம் வந்தது. பிரியந்தி என்ற சிங்களப் பெண் எண்ணெய் தேய்த்தாள். மேசை துடைக்கிற மாதிரித் தேய்த்தாள் என்று ராக்காயி பிறகு சொன்னாள். "இது எங்க தோட்டமா இருந்தா அரைப்பேருதான் போடுவாங்க." நாளொன்றுக்குச் சொன்ன எடைக்குக் கொழுந்து குறைந்தால் பாதிச் சம்பளம்தான், அதைத்தான் அரைப்பேர் என்பார்கள்.

அந்த அரைப்பேர்தான் வில்லங்கத்தைக் கொண்டுவந்தது. தோள் இறுகிய நாளிலிருந்து ராக்காயிக்கு எடை சேரவில்லை. தராசுக்குப் போகுமுன் கூட வேலை செய்யும் பெண்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போடுவார்கள். யாரும் கணக்குப் பார்த்ததில்லை, வாயால் சொன்னதும் இல்லை. ஒருத்திக்குக் குறைந்தால் மற்றவர்கள் போடுவது மலையில் வழக்கம். மசாஜ் செய்துகொண்டு எண்ணெய் மணக்க மலைக்கு வந்தவளை அந்தப் பெண்கள் சுற்றி நின்று மோந்து பார்த்தார்கள். அப்போதும் யாரும் எதையும் கேட்கவில்லை. சர்மிளா மட்டும் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ம்ம்" என்றாள்.

ராக்காயிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அடுத்த ஞாயிறு நீ வாடி" என்றாள்.

மிச்சமிருந்த ஒன்பது மசாஜும் இப்படி ஒன்பது கூடைகளில் விழுந்தன. நிலக்ஷி முதலில் தயங்கினாள். பிறகு, "எல்லாரும் ராக்காயின்னே சொல்லுங்க. ஆனா கார்ட் வச்சிருக்கிற ஆளு கூட வரணும்" என்று வழி சொன்னாள். ஆகவே ஞாயிறுதோறும் ஒரு புது ராக்காயி உள்ளே போய்ப் படுத்தாள். பழைய ராக்காயி வெளியே இஞ்சித் தேத்தண்ணி குடித்தாள்.

பிரியந்திக்குச் சந்தேகமே வரவில்லை. அவளுக்கு வந்தது பெருமை. சர்மிளாவின் காலைப் பார்த்துவிட்டு நிலக்ஷியைக் கூப்பிட்டாள். "பாருங்க, போன தடவ ராக்காயி அம்மாவுக்கு முழங்கால்ல பெரிய தழும்பு. இப்ப இல்ல! வயசும் கொறஞ்சிருச்சு!" அதற்கடுத்த வாரம் வந்த ராக்காயி உருண்டு திரண்டிருந்தாள். "ஒடம்பு நல்லாத் தேறியிருக்கு" என்றாள் பிரியந்தி.

பஸ்தான் கஷ்டம். அக்கரப்பத்தனை தாண்டி நுவரெலியா வரை வளைவுக்கு வளைவு குலுங்கும். ஒரு சீட் கிடைத்தால் அது கூட்டிப் போகிற விருந்தாளிக்கு. திரும்பும்போது கேட்கவே வேண்டாம். "ஒடம்பு பஞ்சு மாதிரி ஆயிருச்சுக்கா" என்று புது ராக்காயி சாய்ந்துவிடுவாள். ராக்காயியின் இடது கையில் மார்க்கட்டில் வாங்கிய லீக்ஸும் கரட்டும் கனக்கும். வலது கையால் முதலில் சீட்டின் முதுகைப் பிடித்தாள். கண்டக்டர் ஜீவராஜ், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று தள்ளியதில் ஜன்னல் கம்பிக்குப் போனாள். சில வாரம் போனபின் கூரைக் கம்பி. பஸ் திரும்பும் பக்கமெல்லாம் தோள் இழுபட்டு, அவள் டிரைவரின் ஏழு தலைமுறையையும் திட்டினாள்.

"கைய இழுக்க விடாத, சீட் புடிச்சு உக்காரு" என்று சுகிர்தம் எச்சரித்தாள்.

"விருந்தாளிய நிக்க வச்சிட்டு நான் உக்காரவாக்கா?"

கார்ட் முடிந்த மறுநாள் காலை ராக்காயி அடுப்படியில் குந்தியிருந்தாள். சுலக்ஷனா சீப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளிடம் பேச்சு நிறைய இருந்தது. சீப்பு கிடைத்து அவள் திரும்பியபோது மாமியாரின் தலையில் கொண்டை உட்கார்ந்திருந்தது. சற்றுக் கோணல்தான். ஆனால் புருவங்கள் அவற்றுக்குரிய இடத்தில் இருந்தன.

"யாரு மாமி கட்டினா?"

"நாந்தான்" என்றாள் ராக்காயி. மெதுவாக, ரசித்துச் சொன்னாள். "ஒங்கக்கா வந்த அன்னைக்கி நான் மூஞ்சிய வேணும்னுதான்டி அப்பிடி வச்சிருந்தேன்."

செய்தி லயமெங்கும் பரவியது. நிலக்ஷி மறு ஞாயிறே தங்க மெம்பர் நோட்டீஸோடு வந்துவிட்டாள். பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தயாராக நின்றார்கள். சாட்சிதான் கண்முன்னே கொண்டை போட்டு நிற்கிறாளே!

"நில்லுங்க" என்றாள் சுகிர்தம். "சர்மிளா, ஒனக்கு இடுப்பு எப்பிடி?"

"அப்பிடியேதான் இருக்குக்கா."

மற்றவர்களையும் கேட்டாள். எல்லாருக்கும் அப்படியேதான். "ராக்காயி, நீ அங்க எத்தன தடவ படுத்த?"

"ஒரு தடவ."

"மத்த நாள்லாம்?"

"தேத்தண்ணி குடிச்சேன். பஸ்ஸுல நின்னேன்."

"எப்பிடி நின்ன? காட்டு."

ராக்காயி வலது கையை உயர்த்தி, இல்லாத கம்பியைப் பிடித்துக் காட்டினாள். கை தலைக்கு மேலே நின்றது. சுகிர்தம் அந்தத் தோளை அமுக்கிப் பார்த்தாள், கையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். "நான் சொன்னது பிழை" என்றாள். "உக்காரச் சொன்னேன். உக்காந்திருந்தீன்னா இன்னும் மருமக கையிலதான் தல."

நிலக்ஷி விடவில்லை. "மெம்பரா இருந்ததாலதானே பெரியம்மா பஸ்ஸுல ஏறினாங்க!"

பெண்கள் யோசித்தார்கள். பேச்சில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றியது. ராக்காயி நோட்டீஸை வாங்கி நான்காக மடித்து, ஆடுகிற வாங்குப் பலகையின் காலுக்குக் கீழே கொடுத்தாள். "பஸ்ஸுல ஏறுறதுக்கு டிக்கட் போதும் புள்ள" என்றாள்.

அடுத்த ஞாயிறு டயகம பஸ்ஸில் பாதி சீட் காலியாகக் கிடந்தது. பத்துப் பெண்கள் வரிசையாகக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இடுப்பு வலிக்காரி சர்மிளா எப்படித் தொங்குவதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முழங்கால் சரியில்லையென்று சுகிர்தம் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டினாள்.

ஜீவராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அக்கா, சீட் சும்மா கெடக்கே. உக்காருங்கக்கா!"

"ஒன் வேலையப் பாரு தம்பி" என்றாள் ராக்காயி. "டிரைவர வளைவுல மெதுவாப் போக வேணாம்னு சொல்லு."

பஸ் திரும்பியது. அவளுடைய கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அவள் கம்பியை விட்டு, ஓடும் பஸ்ஸிலேயே இரண்டு கையையும் தூக்கி அதை மறுபடி முடிந்துகொண்டாள்.