அத்தை போட்ட குலவை

போன வாரம் என் மகள் கைபேசியில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி தன்னை வதைத்தவர்களை ரம்பத்தால் அறுக்கிறாள். ரத்தம் கூரை வரை அடிக்கிறது. மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “யாராச்சும் ஒன்னய எதும் செஞ்சாங்களாடி?” என்று கேட்டுவிட்டேன்.

“படந்தானம்மா. ஏன் இப்புடிப் பதறுறீங்க?”

பதற்றம் இன்னும் போகவில்லை. எனக்கு அத்தை நினைவுக்கு வந்துவிட்டாள்.

அப்பாவின் தங்கை. நான் நாலாம் வகுப்புப் படிக்கையில் நெற்றியில் வீக்கத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். படிக்கட்டில் விழுந்ததாகச் சொன்னார்கள். அவள் வாழ்ந்த வீட்டில் படிக்கட்டே கிடையாதே என்று கேட்டேன். அம்மா என் வாயில் முறுக்கைத் திணித்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து மனைவியை அழைத்துப் போவதாகப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அத்தையை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஆலங்குடிக் கொட்டகையில் படம் மாறியிருந்தது. சுவரொட்டியில் சிவப்புச் சேலை, விரித்த கூந்தல், கையில் அரிவாள். அம்மன் படமென்று அப்பா முடிவு கட்டினார். “மனசுக்கு நல்லது, போயிட்டு வாங்கத்தா” என்று அத்தையையும் என்னையும் மதியக் காட்சிக்கு அனுப்பினார். கவிச்சி தொடாமல், தலைக்குக் குளித்து, பூ வைத்துப் போனோம். செருப்பைக்கூடக் கொட்டகை வாசலில்தான் விட்டோம்.

அம்மன் வரவேயில்லை. புருஷன் கிணற்றில் தள்ளிய ஒருத்தி ஏறி வந்து, அவன் கூட்டாளிகளை வெட்டினாள். பீட்ரூட் சாறு மாதிரி ரத்தம் பீய்ச்சியது. துண்டான கை தனியாகத் தரையில் ஊர்ந்தது. கொட்டகையே சிரித்தது, நானும்தான். கடைசியில் புருஷன் மண்டியிட்டுக் கும்பிட, அரிவாள் உயர்ந்தது. அத்தை எழுந்து நின்று குலவை போட்டாள். மாரியம்மன் திருவிழாவில் போடுவது போல, அடிவயிற்றிலிருந்து. பெண்கள் பக்கம் முழுக்க அது தொற்றிக்கொண்டது.

“யக்கா, சாமி வந்துருச்சா?” என்று ஆண்கள் பக்கமிருந்து ஒருவன் கத்தினான்.

“ஆமாடா, ஒன்னயத்தான் தேடுது!” என்றாள் எங்களுக்குப் பின்னால் இருந்தவள்.

மறுநாள் மாமா கைவீசி முன்னால் நடக்க, அத்தை பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். வழியனுப்பப் போன எனக்கு ஒரே சங்கடம். பாவம், இன்னும் அதை அம்மன் படமென்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். காதோரம் மெல்லச் சொன்னேன்: “அத்த, அது சாமி படம் இல்ல.”

அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். “அப்புடியா ஆத்தா? எனக்குத் தெரியவே இல்லையே.”

பஸ் கிளம்பியதும் நான் வீட்டுக்கு ஓடினேன். அத்தைக்குப் படமே புரியவில்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.