தேடாமல் கிடைத்த ஆள்

தணிகைமணிக்குத் தீயைக் கண்டால் குழப்பம் கிடையாது. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புச் சோகை பற்றிக்கொண்டால், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று வண்டியை விட்டு இறங்குமுன்பே சொல்லிவிடுவான். மணவூரில் கிணற்றில் விழுந்த பசுவைக் கயிறு கட்டி ஏற்றிவிட்டு, அதனிடமே உதையும் வாங்கிக்கொண்டு சிரித்தபடி வருவான். தீயணைப்பு நிலையத்தில் பல வருஷமாக அவனோடுதான் எனக்கு வேலை. அவனைக் குழப்பிவிட்டது தண்ணீர். அதிலும் சரவணப் பொய்கைத் தண்ணீர்.

ஆடிக்கிருத்திகைக்கு எங்களுக்குக் குளத்தங்கரையில் காவல். முழுகுகிறவர்கள் எழுந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சொல்வது சுலபம். கண்ணுக்கு எட்டியவரை மொட்டைத் தலையும் சந்தனமும் மஞ்சள் வேட்டியும். யார் முழுகினார், யார் எழுந்தார் என்று மலைமேல் இருக்கிற முருகனே இறங்கி வந்தாலும் திணறித்தான் போவார்.

போன வருஷம் நகரிப் பக்கத்திலிருந்து வந்த துர்கா என்ற பெண் அழுதுகொண்டே ஓடிவந்தாள். முழுக்குப் போட இறங்கிய புருஷன் ஏறவே இல்லையாம்.

"சுருட்டை முடிங்க, பெரிய மீசை. துணிய வெச்சுகினு இங்கியேதான் நின்னுகினு இருந்தேன். எங்க பாவா வரவே இல்ல" என்றாள்.

தணிகைமணி குதித்தான். முடி இருந்தால் கொத்தாகப் பிடித்து இழுத்துவிடலாம். அடியில் அவன் கைக்கு அகப்பட்டதோ வழுவழுவென்று ஒரு மொட்டை. தாடையில் கைகொடுத்துத் தூக்கிவந்து படியில் கிடத்தினான். வயதான மனிதர், மூச்சில்லை. துர்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க பாவா இல்லீங்க" என்றாள்.

அவன் முகத்தை நான் மறக்க மாட்டேன். பெரியவரைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். மீசைக்காரர் இன்னும் உள்ளே இருக்கிறாரே. பெரியவரை என்னிடம் விட்டுவிட்டு மறுபடி குதித்தான். நான் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவன் வெறுங்கையோடு எழுவதும் மூழ்குவதுமாக இருந்தான். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

பெரியவர் தண்ணீரைக் கக்கி இருமியபோது, வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து சந்தனம் பூசிய மொட்டை ஒன்று, "துர்கா, யாரு முழுகிட்டாங்க?" என்று கேட்டது. மீசையும் இல்லை. அக்கரையில் ஏறிய மகராசனுக்குத் திடீரென்று பழைய வேண்டுதல் நினைவுக்கு வந்து, அங்கேயே மொட்டை போட்டுக்கொண்டுவிட்டார். தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று தெரியாமல், பெண்டாட்டியின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு ஓர் அறை விட்டிருப்பேன். இரண்டு கையும் பெரியவரைத் தாங்கிக்கொண்டிருந்தன.

பெரியவர் பெயர் வேதாசலம், பள்ளிப்பட்டு நெசவுக்காரர். தனியாக வந்தவர். அவரைக் காணோம் என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை.

அன்றிலிருந்து டீ குடிக்கும்போதெல்லாம் தணிகைமணி திடீரென்று கேட்பான். "அந்தம்மா முன்னாடியே புருஷன அடையாளம் கண்டிருந்தா, பெரியவர் என்ன ஆயிருப்பாரு? அப்போ நான் யாரத்தான் காப்பாத்தப் போனேன்?" நான் டீயை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

இந்த வருஷம் ஆடிக்கிருத்திகையில் யாரும் அழவில்லை, யாரும் ஓடிவரவில்லை. இருந்தாலும் தணிகைமணி தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கினான். யாரைத் தேடப் போகிறாய் என்று கேட்டேன்.

"தெர்லப்பா" என்று சொல்லிவிட்டு மூழ்கினான்.