அவித்த முட்டைக்கு ஆடியவன்

கல்லூரி விளையாட்டு வீரன் காசு வாங்கக் கூடாது என்று மேடையில் இருபது நிமிடம் முழங்கி, எவர்சில்வர் குடம் ஒன்றைப் பரிசாக வாங்கியவன் நான். அதில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் நல்ல குடம். இன்றுவரை ஒழுகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். உடம்பை வளைத்து நான் ஆடிய ஒரே ஆட்டம் பஸ்ஸைத் துரத்துவது. அதிலும் பெரும்பாலும் பஸ்தான் ஜெயித்தது. விளையாட்டின் புனிதத்தைப் பற்றிப் பேச இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

எங்கள் வாலிபால் அணியில் திசையன்விளைப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். பி.ஏ. மூன்றாம் ஆண்டு, ஆறடிக்கு மேல் உயரம். அவன் எகிறி அடித்தால் எதிர்ப்பக்கத்தில் புழுதி கிளம்பும். அவன் ஜெயித்த கோப்பைகள் முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரியில் நெருக்கிக்கொண்டு நின்றன. சேர்க்கை நோட்டீஸில் அவன் படத்தைப் போட்டார்கள். அதைப் பார்த்து மயங்கிய தகப்பன்மார் கொடுத்த நன்கொடையில் புதுக் கட்டடம் எழும்பியது. அதற்குத் தாளாளரின் அப்பா பெயர். பையனுக்குக் கிடைத்தது விடுதியில் இலவசச் சாப்பாடும், பயிற்சி முடிந்ததும் இரண்டு அவித்த முட்டையும். கட்டடம் மூன்று மாடியான பிறகும் முட்டை மூன்றாகவில்லை.

எங்கள் பக்கம் கோவில் கொடைத் திருவிழா என்றால் வாலிபால் பந்தயமும் உண்டு. ஜெயித்தே தீரவேண்டிய ஊர், வெளியூர் ஆட்டக்காரனை ஒரு பகலுக்குக் கூலி பேசிக் கூட்டிவரும். அவனும் ஏதோ ஒரு பெயரில் ஆடிவிட்டுப் போவான். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. இவனும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடினான். தோற்ற ஊர், எங்கள் கல்லூரி ஹெட்கிளார்க்கின் சொந்த ஊர். அது ஜெயித்திருந்தால் அவருடைய நீதியுணர்ச்சி இன்றுவரை தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

மறுநாள் முதல்வரிடம் புகார் போயிற்று. காசுக்கு ஆடியவனுக்கு அணியிலும் இடமில்லை, விடுதியிலும் இடமில்லை என்றார்கள். விடுதி போனால் படிப்பும் போகும். வெளியே அறை எடுத்துத் தங்க அவன் வீட்டில் வழியில்லை. அந்தக் கூலியை அவன் கட்டியதே தேர்வுக் கட்டணமாகத்தான், அன்று காலையில், அதே ஹெட்கிளார்க்கிடம். ரசீதும் கொடுத்திருக்கிறார். தீட்டு பணத்தில் ஒட்டவில்லை, பையன்மேல்தான் ஒட்டியது.

முதல்வர் தமிழ்ப் பேராசிரியர். எந்தச் சிக்கலையும் பட்டிமன்றமாக்கினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற எங்கள் ஜில்லாக்காரர். ‘கல்லூரி வீரனுக்கு வேண்டியது காசா, கௌரவமா?’ என்று தலைப்பு வைத்து, தீர்ப்புப்படி முடிவெடுப்போம் என்று அறிவித்தார். கௌரவ அணிக்கு நான் தலைவர்.

முந்தின நாள் சாயங்காலம் உடற்பயிற்சி ஆசிரியர் என்னை மைதானத்து ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏலே, நாளைக்குக் கொஞ்சம் பைய பேசு. அவன் பொழப்பு இதுல கெடக்கு.”

“சார், நான் தனி ஆளப் பத்தியா பேசுதேன்? கொள்கையப் பத்தில்லா பேசுதேன்.”

“கொள்கைக்கு ஹாஸ்டல் வேண்டாம்லே. அவனுக்கு வேணும்.”

 அவருக்குப் பட்டிமன்ற நாகரிகம் தெரியவில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள், “தாமிரபரணி தன் தண்ணீருக்கு விலை கேட்கிறதா?” என்று கேட்டேன். ஆற்றைக் குழாயில் ஏற்றி வரி வசூலிக்கிற ஊரில் நின்றுகொண்டு கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை; கைதட்டினார்கள். எதிரணிக்காரன், பாவம், கணக்கும் காரணமுமாகப் பேசினான். காரணத்துக்கு யார் கைதட்டுவார்கள்? கடைசி வரிசைத் தூணோரம் உயரமான ஓர் உருவம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. அவன்தான் என்று நினைத்தேன். மனசு உறுத்தியது. அந்த உறுத்தல் குரலுக்கு நல்ல கம்மலைக் கொடுத்ததால் அதையும் விடாமல் பயன்படுத்திக்கொண்டேன்.

நடுவருக்குப் பொன்னாடை, பழத்தட்டு, வந்துபோகக் கார், ஒரு கவர். கவரைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டே, காசு விளையாட்டைக் கெடுக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். மைக்செட்டுக்காரர் காசு வாங்கினார், பந்தல்காரர் வாங்கினார். அந்த வளாகத்தில் அன்று கௌரவத்தோடு மட்டும் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தவன் ஒரே ஒருவன். நோட்டீஸ் போர்டில் அவனை நீக்கிய தாள் ஏறியது. அடுத்த வாரம் அரையிறுதியில் எங்கள் அணி மண்ணைக் கவ்வியது. முதல்வர் அதற்குக் காரணம் கேட்டு உடற்பயிற்சி ஆசிரியருக்கு மெமோ கொடுத்தார்.

என் நாக்கு ஒருவன் படிப்பைக் கெடுத்துவிட்டது என்ற எண்ணத்தைச் சில வருஷம் சுமந்தேன். அந்தச் சுமையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எவ்வளவு பெரிய பேச்சாக இருந்தால் இவ்வளவு பெரிய நாசம் விளையும்! தொண்ணூறுகள் முடிவதற்குள் ஒருநாள் ஜங்ஷன் பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். பட்டம் முடிக்கவில்லை. ஒரு மில் அணிக்காக மாதச் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தான். காப்பி வாங்கிக் கொடுத்து, தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பை எடுத்தேன்.

“அன்னைக்கு நான் பேசினதாலதான் உன் படிப்பு…”

“எந்தப் பேச்சுண்ணே?”

சொன்னேன். அவன் காப்பியை ஆற்றிக்கொண்டே யோசித்தான்.

“ஓ, அதுவா. அந்தத் தாள முந்தின நாளே டைப் அடிச்சு எங்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாவளே. நீங்க பேசுதப்ப நான் மெஸ்ல கடைசி ரெண்டு முட்டையத் தின்னுக்கிட்டு இருந்தேன். நல்லாவாண்ணே பேசினிய?”