கறுப்புத் துணிக்குப் பின்னால் இரண்டு ஜோடி

ஐரின் பெங்களூர் அல்சூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சர்ச் பாடகர் குழுவில் முப்பது வருடமாகப் பாடுகிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்ட கணவனின் நண்பர்களுக்கு அது தெரியாது. அவள் காபி கொண்டுவரும்போதெல்லாம் அந்தக் கணவன் டேரில் சொல்வான்: “இவளுக்கு குக்கர் விசில் ஒண்ணுதான் நல்லா கேக்கும்.” எல்லோரும் சிரிப்பார்கள். பதினெட்டு வருடம் அந்தச் சிரிப்பைக் கேட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன் டேரில் வேறொருத்தியோடு ஒயிட்ஃபீல்டுக்குப் போய்விட்டான். நெஞ்சு உயரம் இருந்த தன் வெளிநாட்டு டவர் ஸ்பீக்கர்களையும் மறக்காமல் ஏற்றிக்கொண்டு போனான். அங்கிருந்து ஸ்பீக்கர்களைப் பற்றி வீடியோ போட ஆரம்பித்தான். அத்திபெலேயில் ஒரு பட்டறை செய்யும் இடுப்பு உயர டவரைப் பற்றி, “பூஜை அலமாரிக்குள்ள ரேடியோ வச்ச மாதிரி இருக்கு” என்றான்.

போன வருடம் ஐரின் அந்தக் காலி அறைக்கு ஸ்பீக்கர் தேடிப் போனாள். பத்துக்குப் பதினோரு அடி அறை. கடைக்காரர் சந்திரசேகரன், “சின்ன ரூம் மேடம். பெரிய டவர் வச்சா பேஸ், அந்தக் கனமான சத்தம், மூலையில அடைஞ்சுக்கும். ரெண்டையும் வீட்ல வச்சுக் கேளுங்க” என்று இரண்டு ஜோடி அனுப்பினார். ஒன்று டேரிலுடைய அதே மாடல். இன்னொன்று அத்திபெலே ஜோடி.

பெரியதைச் சுவரிலிருந்து அரையடி, ஒரு அடி என்று நகர்த்தி நகர்த்திக் கேட்டாள். மிருதங்கம் தண்ணீர்த் தொட்டிக்குள் வாசிப்பதுபோல முழங்கியது. முழக்கம் அடங்கும் அளவுக்கு முன்னால் இழுத்தால் நாற்காலி போட இடமில்லை. சின்னதில் பாடுகிறவர் மூச்சு எடுப்பதுகூடத் தனியாகக் கேட்டது. ஒரே வாரத்தில் முடிவு செய்துவிட்டாள். அடுத்த இரண்டு வாரம் இரண்டையும் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்தது டேரிலுக்காக.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களில் ஒருவரான ராஜேஷ்குமாருக்குப் போன் செய்தாள். “எனக்கு எது நல்லதுன்னு சொல்ல எல்லாரும் வாங்க. டேரிலையும் கூட்டிட்டு வாங்க.”

தன்னிடம் யோசனை கேட்கிறார்கள் என்றால் டேரில் வராமல் இருப்பானா? வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தான். குறுக்கே கறுப்புத் துணி கட்டியிருந்தது. பின்னால் என்ன இரண்டு ஜோடி இருக்கிறது என்பதை ஐரின் மறைக்கவில்லை. எதை எப்போது போடுவாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகு அவன் சாக்குச் சொல்லக்கூடாது என்று இரண்டின் சத்தத்தையும் அளந்து ஒரே அளவில் வைத்திருந்தாள்.

முதல் ஜோடி பாடியது. “இது அத்திபெலே டப்பா. குடம் மாதிரி அதிருது,” என்றான் டேரில். இரண்டாவதற்குக் கண்ணை மூடிக்கொண்டான். “இதான் என்னோடது. இதையே வாங்கு.”

ஐரின் துணியை விலக்கினாள். ராஜேஷ்குமார் குனிந்து வயரைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், “இப்போ பாடினது சின்னது, டேரில்.”

வீட்டைவிட்டுப் போகும்வரை கடைசி எட்டு வருடம் இதே அறையில் கேட்ட ஸ்பீக்கரை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

“இவ வயரை மாத்திட்டா,” என்றான் டேரில்.

“அப்போ ராஜேஷ் போடட்டும்,” என்றாள் ஐரின்.

ராஜேஷ்குமார் துணியை மறுபடி இழுத்துவிட்டு அதன் பின்னால் போனார். மறுபடி அந்த முழக்கம். ஐரின் டேரில் பக்கம் திரும்பினாள்.

“சொல்லு, எது?”

“பெரிசு.”

“எப்படித் தெரிஞ்சுது?”

அவன் தரையைப் பார்த்தான். “குடம் மாதிரி அதிருது.”

ஆறு பேர் முன்னால் அவன் வாயாலேயே அது வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவனுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

வாசலில் ஷூ போடும்போது கேட்டான், “வேணும்னுதானே கூப்பிட்டே?”

“ஆமா.”

அத்திபெலே ஜோடியை ஐரின் வாங்கிக்கொண்டாள். டேரில் அதன்பிறகு வீடியோ போடவில்லை. விஷயம் தெரிந்த அக்கா அன்னா, “பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லி மன்னிப்பு வாங்கிடுடி” என்று நச்சரித்ததால் ஒரு சனிக்கிழமை சர்ச்சுக்குப் போய்ச் சொன்னாள்.

ஃபாதர் முழுவதும் கேட்டுவிட்டு, “வருத்தமா இருக்காம்மா?” என்றார்.

“இல்ல ஃபாதர்.”

“சரி, வருத்தம் வந்தப்புறம் வா.”

இன்னும் அவள் போகவில்லை.