குலசிங்கத்தின் நான்காவது க

புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் குலசிங்கம், சம்பந்தியாகப் போகிற தோமாஸுக்கு இந்தக் கலியாணம் பிடிக்கவில்லை என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அந்த மனிதர் இரண்டு தடவை வந்தார், வாய் திறக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்தார், வடையில் பாதியை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

"வடையே சொல்லுது," என்றார் குலசிங்கம்.

மகள் அட்சயாவுக்கு எரிச்சல். "அப்பா, ஹீ இஸ் ஜஸ்ட் ஷை. அவை குவாத்தமாலாவில மாயன் ஆக்கள், கீச்சே எண்ட பாஷை. ஸ்கூல்ல அதைக் கதைச்சதுக்கு அவருக்கு அடிச்சவங்களாம். பெத்த மகன் மத்தேயோவுக்கே அவர் அதைச் சொல்லிக் குடுக்கேல்லை."

அந்தப் பாஷையில் ஒரு வணக்கம் சொன்னால் மனுஷன் மனதைத் திறப்பார் என்று குலசிங்கம் கணக்குப் போட்டார். கலியாணத்துக்கு முன் அவர் வாயால் ஒரு சம்மதம் கேட்காவிட்டால் நித்திரை வராது.

கோயில் சிநேகிதர் தில்லையம்பலம் தைரியம் சொன்னார். "உதுக்கென்ன அண்ணை? உலகத்துச் சத்தம் முழுக்கத் தமிழுக்கை கிடக்கு."

யூரியூப்பில் கீச்சே பாடத்தைத் திறந்த பத்தாவது நிமிஷம் தமிழ் கைவிட்டது. நாங்கள் ஒரேயொரு க-வை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் மேடை போட்டுப் பெருமை பேசுகிறோம். கீச்சேக்காரரிடம் நாலு. இரண்டு நமக்குத் தெரிந்த இடத்தில், இரண்டு உள்நாக்குக்குக் கிட்ட. இரண்டு இடத்திலும் ஒவ்வொன்று வெடிக்கும்: தொண்டையைப் பூட்டி, வாய்க்குள் அகப்பட்ட கொஞ்சக் காற்றால் 'டக்' என்று விடவேண்டும். மத்தியானம் சொல்லும் 'ஷெகிஹ்' என்ற வணக்கத்துக்குள் இருப்பதோ உள்நாக்குக்குக் கிட்ட வெடிக்கும் நான்காவது, எல்லாவற்றிலும் பொல்லாதது.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸுக்குள் மூன்று கிழமை வெடித்துப் பார்த்தார். கண்ணாடியெல்லாம் துப்பல். வீட்டில் மனைவி ஜெயமலர் இருமலாக்கும் என்று மல்லித்தண்ணி அவித்து வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் தோமாஸ் மகனோடு வந்தார். குலசிங்கம் வாசலிலேயே தொண்டையைப் பூட்டி 'ஷெகிஹ்' என்று வெடித்தார். தோமாஸ் வாயைப் பொத்திக்கொண்டார். போச்சு, மானம் கப்பலேறியது என்று குலசிங்கம் நினைத்தார். பார்த்தால் மனிதருக்குத் தோள் குலுங்குகிறது, சிரிப்பு! தன் தொண்டையில் விரலை வைத்துக் காட்டி அந்தச் சத்தத்தை விட்டார். எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடித்தது போல அவ்வளவு சுத்தம்.

இரண்டு கிழவர்களும் ஒரு மணித்தியாலம் சோபாவில் இருந்து வெடித்தார்கள். வடைத் தட்டம் காலி. கடைசியில் தோமாஸ் உடைந்த இங்கிலீஷில், அட்சயா தங்களுக்குக் கிடைத்த பாக்கியம் என்றும் தனக்குத்தான் பேச வெட்கம் என்றும் சொன்னார். குலசிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போதுதான் மத்தேயோ மெல்ல அந்த வணக்கச் சொல்லைச் சொன்னான். முதல் தடவையே அச்சொட்டாக விழுந்தது. மூன்று கிழமை துப்பிய குலசிங்கத்துக்குப் பொறாமையே வந்துவிட்டது.

யார் சொல்லித் தந்தது என்று தோமாஸ் கேட்டார்.

"நீங்கள் கராஜுக்குள் கதவைச் சாத்திவிட்டு ஊரிலிருக்கும் உங்கள் சகோதரியோடு போனில் கீச்சேயில் கதைப்பீர்கள்," என்றான் மத்தேயோ, இங்கிலீஷில். "சின்ன வயதிலிருந்து நான் கதவுக்கு மற்றப் பக்கம் இருந்து கேட்பேன்."

தோமாஸின் முகம் அப்படியே நொறுங்கியது. எழும்பிப் போய் மகனுக்குப் பக்கத்தில் நெருங்கி இருந்தார். அழுதுகொண்டே அவனிடம் என்னவோ கேட்டார், முதல்முறையாகத் தன் பாஷையில். மத்தேயோ அதே பாஷையில் பதில் சொன்னான்.