பெரியம்மை வீட்டுத் திருவிருந்து

சென்னையிலிருந்து காலை ஆறு மணிக்குள் வடசேரியில் இறக்கிவிடுவதாகச் சொன்ன பஸ், வழியில் எஞ்சின் மக்கர் செய்து, பகல் ஒரு மணிக்கு இறக்கிவிட்டது. இடுப்பு கழன்றுபோயிருந்தது. கோட்டாறு மூன்று கிலோமீட்டர்தான்; ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"வெயிலப் பாத்தியளா சார்?"

வெயிலுக்கும் நான்தான் கூலி கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. பேரம் பேசத் தெம்பில்லாமல் ஏறிக்கொண்டேன்.

படுக்கையில் கிடக்கும் பெரியம்மையை, என் அம்மாவின் அக்காளை, பார்க்கத்தான் இந்தப் பயணம். அவரும் என் சித்தியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். பாகம் பிரித்து நடுவே சுவர் எழுப்பிய நாள் முதல் அக்காள் தங்கைக்குள் பேச்சு இல்லை.

நான் போனபோது போதகர் இருந்தார். மாதம் ஒருமுறை வந்து பெரியம்மைக்குத் திருவிருந்து கொடுப்பவர். காலையில் வரவேண்டியவர், ஓர் அடக்கத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். ஸ்டூலில் அதற்கான அப்பமும் திராட்சரசமும் தயாராக இருந்தன, ஆனால் கொடுக்கவில்லை. நோயாளியோடு வீட்டில் இன்னொருவரும் சேர்ந்து எடுக்க வேண்டும் என்பது அவர் முறை. வழக்கமாகக் கூட எடுக்கும் பக்கத்து வீட்டம்மா மகளோடு துபாய் போய்விட்டாராம்.

"நீ எடுப்பியா மக்கா?" என்றார் பெரியம்மை.

"வழியில தோசை தின்னுட்டேன் பெரியம்மை."

வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் சட்டம்.

"தங்கச்சியக் கூப்பிடுவமா அம்மா?" என்றார் போதகர்.

"அவகூட எனக்கு வேண்டாம்."

"திரியேகர்னுதானே ஆராதிக்கோம்? பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. கடவுளே ஒத்தைக்கு இல்லம்மா. அவருக்க பந்தில நாம மட்டும் ஒத்தைக்கு எப்படி இருக்கது?"

"அவிய மூணு பேருக்கும் நடுவுல சுவரு இல்லியே, ஐயா."

போதகரும் களைத்திருந்தார். துணியை எடுத்து அப்பத்தை மூடினார். அதைப் பார்த்ததும் பெரியம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மாதம் இருப்போமா என்ற பயம் அவருக்கு.

"சரி, போய்க் கூப்பிடு மக்கா."

தெருவைச் சுற்றிப்போய்ச் சித்தியின் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கூடவே வந்தார்.

பெரியம்மை அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "மணி ரெண்டாச்சு. நீ சாப்பிட்டிருப்பியே?"

"இல்ல."

"ஏன்?"

"ஐயா வாற அன்னைக்கு நான் எந்த மாசமும் சாப்பிட்டதில்லக்கா. நீ எப்பம் கூப்பிடுவியோன்னு இருப்பேன்."

பெரியம்மை கட்டிலில் மெல்ல நகர்ந்து தங்கைக்கு இடம் விட்டார்.

அன்று மாலையே திரும்பும் பஸ் ஏறினேன். எத்தனை மாதம் அப்படிப் பசியோடு காத்திருந்தாரோ சித்தி.